அடியும் அளவும்: பாதணி வரலாற்றிலே பிந்தி எழுந்த ஒரு வினா

கல்குடாக் கடற்கரையிலே காலைப்பொழுதில் உலாவச் செல்வோர், அலை வந்து மீண்ட ஈரமணலைச் சற்றுக் குனிந்து நோக்குவாராயின், இரண்டு வகையான அடிச்சுவடுகளைக் காண்பர். ஒன்று, கரைவலை இழுக்கும் மீனவருடையது. அதில் ஐந்து விரலும் விசிறியின் மடல்போல் விரிந்து கிடக்கும்; பெருவிரல் ஏனைய விரல்களினின்றும் சற்றே விலகி நேராக நிற்கும். மற்றையது, நகரங்களிலிருந்து பாசிக்குடாவுக்கு நீராட வந்தோருடையது. அதில் பெருவிரல் அயல்விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும்; சிறுவிரல் உள்ளொடுங்கி இருக்குமிடம் தெரியாது மறைந்திருக்கும்; முன்னடி முழுவதும் ஒரு முனையை நோக்கிக் கூர்ந்து செல்லும். முன்னையது பிறந்தவாறே வளர்ந்த கால். பின்னையது சப்பாத்தின் வடிவைத் தன் வடிவாக ஏற்றுக்கொண்ட கால்.

வாழைச்சேனை வாசியாகிய எமக்கு இக்காட்சி புதிதன்று. எனினும் இது வரலாற்று மாணவன் ஒருவன் சிந்தித்தற்குரிய பொருள் என்பது நெடுநாள் எமக்குத் தோன்றவில்லை. காலுக்காகப் பாதணி செய்யப்பட்டதா, பாதணிக்காகக் கால் திருத்தப்பட்டதா என்னும் வினாவை எழுப்பிக்கொண்டு நூல்களைப் புரட்டியபோது ஓர் உண்மை புலனாயிற்று. பாதணியை யார் அணியலாம், எங்கே கழற்ற வேண்டும், எதனாற் செய்ய வேண்டும் என்பன பற்றி நம் முன்னோரும் பிறரும் மிகுதியாகப் பேசியுள்ளனர். அது காலுக்குப் பொருந்துகின்றதா என்பதுபற்றிப் பேசியோர் மிகச் சிலர். அவரும் மிகப் பிந்தியே பேசினர். இக்கட்டுரை அப்பிந்திய வினாவின் வரலாறாகும்.

சங்கநூல்களிலிருந்து தொடங்குதல் பொருந்தும். அக்காலத் தமிழர் வெறுங்காலினராகவே வாழ்ந்தனர் எனச் சிலர் கருதுவது தவறு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, நெடுவழி செல்லும் வணிகர் பூண்ட பாதணிக்கு அடிபுதையரணம் என்பது பெயர். அடியை மூடிக் காக்கும் அரண் என்பது பொருள். கோட்டைக்கு வழங்கும் சொல்லைக் காலுறைக்கும் வழங்கிய புலவரின் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. முள்ளும் பரலும் நிறைந்த வழியிலே கால் ஒரு முற்றுகைக்குள்ளாகின்றது என்றே அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அதே நூலில் ஆயன் ஒருவனைக் கூறுமிடத்து, தொடுதோலை இடையறாது அணிந்தமையால் அவன் அடியில் வடு ஆழ்ந்திருந்தது என்கின்றார். தொடுதோல் என்பது செருப்பு. உரைகாரர் இவ்வடுவை ஆயனது கடுமுழைப்பின் அடையாளமாகவே கொள்வர். ஆயினும் வாரின் உராய்வினால் உண்டான தழும்பை இத்துணைக் கூர்மையாகப் பதிவு செய்த புலவர், செருப்புக் கடிக்கும் என்பதை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

புறநானூற்றின் 257ஆம் பாட்டு மற்றுமொரு சான்று தருகின்றது. பகைவர்க்கு ஓயாத் தொல்லையாய் விளங்கிய வீரனொருவனைச் செருப்பினுள் அகப்பட்ட சிறுகல்லுக்கு ஒப்பிடுகின்றது அப்பாட்டு. நடந்துகொண்டே அத்துன்பத்தை அனுபவித்தவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. பதிற்றுப்பத்திலோ வேறொரு விளையாட்டு. சேரநாட்டைச் சார்ந்த பூழிநாட்டில் செருப்பு என்னும் பெயருடைய மலையொன்று இருந்தது. கேட்போர் மயங்காதிருக்கும் பொருட்டு, காலால் மிதிக்கப்படாத செருப்பு என அடைகொடுத்து அதனைப் பாடினார் பாலைக் கௌதமனார். செருப்பு என்ற சொல் அக்காலத்தே எல்லோர் வாயிலும் வழங்கியமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்த காலங்களிலே பாதணியைச் சமயம் பற்றிக்கொண்டது. பரதன் இராமனது பாதுகையைத் தலைமேற் சூடி அரியணையில் வைத்தமையும், வேதாந்த தேசிகர் அப்பாதுகையின்மீது ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்கள் இயற்றியமையும் யாவரும் அறிந்தவை. கண்ணப்பர் முன்னாளிற் சாத்தப்பட்ட மலர்களைத் தம் செருப்புக் காலினாலே நீக்கினார் எனச் சேக்கிழார் கூறும்போது, விதியை அன்பு வென்றமைக்குச் செருப்பே அளவுகோலாகின்றது. மகாபாரதத்து அனுசாசன பருவம், வெயிலிலே தலையும் காலும் வெந்த இரேணுகையின் பொருட்டுச் சூரியன் சமதக்கினி முனிவருக்குக் குடையும் செருப்பும் வழங்கிய கதையைச் சொல்கின்றது. இங்கே ஓர் இடைக்குறிப்புச் சொல்லலாம். செருப்பை ஈந்த அச்சூரியனின் படிமங்கள் வடநாட்டிலே முழங்காலளவும் உயர்ந்த காலுறையுடன் விளங்குகின்றன. தென்னாட்டுப் படிமங்களோ வெறுங்காலுடன் நிற்கின்றன. குளிர்நாட்டு மக்களின் கோலம் தென்னகத்து வெம்மைக்கு ஒவ்வாது என்று நம் சிற்பியர் கண்டனர் போலும். பிற்காலத்தார் பலர்க்கு இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

காலின் நோவை முன்னிட்டுப் பாதணி அனுமதிக்கப்பட்டமைக்குப் பழையதொரு சான்று பௌத்த விநயபிடகத்தில் உண்டு. சோண கோளிவிசர் என்னும் செல்வக்குடிப் பிள்ளை துறவுபூண்டு, நடந்தபடியே தியானஞ் செய்ததாற் காலிலிருந்து குருதி வழிந்து பாதை சிவந்தது. அதனைக் கண்ட புத்தர், ஒற்றைத் தோலடியுடைய செருப்பை அணிந்துகொள்ள இடங்கொடுத்தார். சோணர் தமக்கு மட்டும் அச்சலுகை வேண்டாம் என்று கூறியதன் பேரில் அது சங்கத்தார் அனைவர்க்கும் உரியதாயிற்று. அரசாணையோ குலவழக்கோ கூறாது, புண்பட்ட காலை நேரிற் கண்டு பிறந்த விதி இது. ஆதலின் இதனை இவ்வரலாற்றில் ஓர் அரிய விதிவிலக்காகவே கொள்ளல் வேண்டும்.

ஏனெனில் வழக்கமாகிய விதி வேறு. 1660ஆம் ஆண்டிலே நமக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனது ஆட்களாற் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ரொபேட் நொக்ஸ், ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து 1679இலே தப்பிச்சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், அந்நாட்டிற் சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கே உரிய கோலம் என்றும், குடிகள் அவற்றை அணிதல் ஆகாது என்றும் தெரிவிக்கின்றது. மலைநாட்டின் கல்லிலும் அட்டையிலும் நடந்த மக்களின் காலுக்கு எது நலம் என்பது அங்கே வினாவன்று. அவர் யார் என்பதே வினா.

தமிழர் இதுபற்றிப் பெருமை கொள்வதற்கில்லை. மேற்சாதியார் வாழும் தெருவிலே ஒடுக்கப்பட்டோர் செருப்பைக் கழற்றிக் கையிலேந்திச் செல்லல் வேண்டும் என்னும் கொடிய வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்தது; 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் சில ஊர்களில் அது மறைந்தபாடில்லை. தோலைப் பதனிட்டுச் செருப்பைத் தைத்தவனே அதனை அணிந்து நடக்க இயலாதவனாயிருந்தான் என்பதைக் காட்டிலும் வெட்கத்துக்குரியது எது?

கரையோரத்தார்க்குப் பறங்கியர் வருகையால் ஒரு புதுச்சொல் கிடைத்தது. போர்த்துக்கேயர் தம் காலணியைச் சப்பாத்தோ என்றனர்; அதுவே ஈழத்தமிழிற் சப்பாத்து ஆயிற்று. காலுறையைக் குறிக்க நம் முதியோர் வழங்கும் மேசு என்பதும் அம்மொழியிலிருந்து வந்ததே. 1628இலே போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்க்குப்பின் ஆங்கிலேயர் வந்தனர். ஆள்வோர் மாறினும் சப்பாத்து என்ற சொல் மாறவில்லை. தமிழகத்தார் இன்று அதனைப் பெரிதும் வழங்குவதில்லை. நாமோ அதனைத் தமிழாகவே மதித்துப் பாடநூலிலும் எழுதுகின்றோம். கோயிலிலே அருச்சனைக்குரிய செவ்வரத்தம் பூவுக்கு ஆங்கிலேயர் சப்பாத்துப்பூ என்று பெயரிட்டதையும் ஈண்டு நினைக்கலாம். அதன் இதழைக் கசக்கித் தம் கருஞ்சப்பாத்தை மினுக்கிக்கொண்டமையால் வந்த பெயர் அது.

சொல்லுடன் அச்சொல்லுக்குரிய வடிவும் வந்தது. அது நம் கால்களைத் தேடி வந்த விதம் சுவையானது. 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தானிய இந்தியாவில் ஆட்சியாளர் ஒரு விதி வகுத்தனர். இந்நாட்டு முறையில் அமைந்த செருப்பை அணிந்து வருவோர் அதனை அரசமன்றின் வாயிலிற் கழற்றல் வேண்டும். ஐரோப்பிய முறையிற் சப்பாத்தும் காலுறையும் அணிந்து வருவோர் அவ்வாறே உள்ளே செல்லலாம். இதன் விளைவு யாது? வெறுங்காலுடன் நிற்கும் இழிவை விரும்பாத கற்றோர், தம் அகன்ற அடியை வேறொரு நாட்டார்க்கென அமைந்த ஒடுங்கிய தோற்பெட்டிக்குள் திணித்துக்கொண்டனர். மானத்தைக் காக்க விரல்களைக் கொடுத்தனர் எனலாம். நம்மவர் சப்பாத்துக்கு மாறியது வசதி கருதியன்று என்பதை உணராதோர், இன்றும் அது காலைக் கடிப்பதை இயல்பெனவே பொறுத்துக்கொள்வர்.

இனி அவ்வடிவைத் தந்த ஐரோப்பியராவது தம் காலை அறிந்திருந்தனரா எனில், அதுவுமில்லை. சப்பாத்துச் செய்வோர் கால்வடிவிற் செதுக்கிய மரக்கட்டையொன்றின்மேலே தோலை இழுத்துத் தைப்பர். ஏறத்தாழ 1600 முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இக்கட்டை பெரும்பாலும் இடமும் வலமும் ஒன்றாகவே செதுக்கப்பட்டது. இடக்காற் சப்பாத்து, வலக்காற் சப்பாத்து என்ற வேறுபாடே கிடையாது! அணிந்து அணிந்து கால்தான் அதனைத் தன் பக்கமாக வளைத்துக்கொள்ளல் வேண்டும்.

இம்மடமையை முதலில் வன்மையாகக் கண்டித்தவர் ஓர் ஒல்லாந்தர். பெத்துருஸ் காம்பர் என்னும் உடற்கூற்றறிஞர் 1781இலே சிறந்த சப்பாத்தின் வடிவம்பற்றி ஒரு நூல் எழுதினார். மட்டக்களப்புக் கோட்டையில் அவர்தம் நாட்டுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. குதிரைக்கும் மாட்டுக்கும் இலாடம் அமைப்பதில் அறிஞர் காட்டும் கவனத்தை மனிதன் காலில் எவரும் காட்டுவதில்லை என்பது அவரது குறை. அடுத்து, சூரிக் நகரத்து உடற்கூற்றறிஞர் ஹேர்மன் வொன் மயர் 1858இல் இன்னும் நுட்பமான ஓர் உண்மையை எடுத்துரைத்தார். பெருவிரலின் நடுவே செல்லும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குதியின் நடுவைத் தொடுதல் வேண்டும். அதுவே கெடாத கால். சப்பாத்தின் கூர்முனை நடுவிலே இருப்பின் இக்கோடு முறிந்து பெருவிரல் சாயும். கல்குடா மணலிற் பதிந்த மீனவர் சுவட்டின்மேல் ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்போர் மயரின் கோட்டை அப்படியே காண்பர். அவர் ஏட்டில் வரைந்தது இங்கே மணலில் நாள்தோறும் எழுதப்படுகின்றது.

அறிஞர் சொல் அரங்கேறுவதற்குப் போர் வேண்டியதாயிற்று. நடக்கமாட்டாத படைவீரன் பயனற்றவன் அன்றோ! அமெரிக்கப் படையின் மருத்துவ அதிகாரி எட்வேட் மன்சன் ஏறத்தாழ 2000 வீரரின் கால்களை ஆராய்ந்து, முன்னடி அகன்று பெருவிரற் பக்கம் நேராகச் செல்லும் கட்டையொன்றை அமைத்தார். 1912இல் அதனை அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்டது. காலின் நீளத்தையும் அகலத்தையும் முன்னடி மொழியின் இடத்தையும் ஒருங்கே அளக்கும் கருவியை 1920களின் பிற்பகுதியிலே அமெரிக்கராகிய சாள்ஸ் பிரனொக் ஆக்கியளித்தார். அதற்கு முன்னர்க் கடைக்காரர் கையில் இருந்தது பெரும்பாலும் நீளம் அளக்கும் வெறும் மரச்சட்டமே.

நாம் கடையிலே எட்டு, ஒன்பது என்று கேட்கும் எண்ணின் வரலாற்றையும் சொல்லுதல் வேண்டும். பலர் அதனைத் தம் காலின் இலக்கணமாகவே நம்பியிருக்கின்றனர். அவ்வெண் ஆங்கில நாட்டு வாற்கோதுமை மணியில் தோன்றியது. மூன்று மணி ஓர் அங்குலம் என்பது அவர் பழங்கணக்கு. 4 அங்குலத்தைச் சுழியமாகக் கொண்டு, ஒரு மணிக்கு ஓர் எண்ணாக 13 வரை எண்ணிச் சென்று, மீண்டும் 1 முதல் எண்ணுவர். அம்முறைப்படி வளர்ந்தோர்க்குரிய 8 என்பது 11 அங்குல நீளமுள்ள கட்டையைக் குறிக்கும். பிரெஞ்சு முறையோ ஒரு சதமமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கை ஓர் எண்ணாகக் கொள்வது. அதில் இதே சப்பாத்து ஏறத்தாழ 42 ஆகும். இரண்டும் கட்டையின் நீளத்தைக் கூறுவனவேயன்றிக் காலின் நீளத்தைக் கூறுவன அல்ல. அகலத்தைப்பற்றியோ அவை வாய்திறப்பதில்லை. ஒரு கொம்பனியின் எட்டு மற்றொரு கொம்பனியின் எட்டுக்கு ஒவ்வாதிருப்பதன் காரணமும் இதுவே: நீளம் ஒன்றாயினும் கட்டைகள் வேறு.

வெறுங்காலே நலம் என்று கூற வந்தோமல்லம். 1898 அளவிலே கைரோ நகரில் ஆய்வு நடத்திய லூஸ் என்னும் அறிஞர், கொக்கிப்புழுவின் குடம்பி தோலைத் துளைத்து உடலுட் புகும் என்று கண்டறிந்தார். ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைத்த மலையகத் தோட்டத் தொழிலாளர் இப்புழுவினாற் குருதி குன்றி மெலிந்தனர். 1916 அளவில் உரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதியிலே இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினர். காலை மூடுதல் உயிர்காக்கும் செயலும் ஆகும் என்பது அப்போது தெளிவாயிற்று. ஆயின் எவ்வாறு மூடுவது? 1905இலே பிலிப் ஹொவ்மன் என்னும் மருத்துவர், செயின்ற் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெறுங்கால் மக்களின் 186 சோடிக் கால்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, அவை விரல் பரந்து நேர்கொண்டு விளங்கின என்பதும், சப்பாத்து அணியத் தொடங்கிய சிறிது காலத்திலேயே கால் அதன் வடிவை ஏற்கத் தொடங்கும் என்பதுமாம். 1992இல் தென்னிந்திய மருத்துவர்களாகிய உதயபாஸ்கர ராவும் பெஞ்சமின் யோசேப்பும் 2300 சிறுவரின் அடிச்சுவடுகளை ஆராய்ந்தனர். பாதணி அணிந்த சிறுவரில் நூற்றுக்கு 8.6 பேரிடமும், அணியாதவரில் 2.8 பேரிடமும் தட்டையடி காணப்பட்டது. விரல்களை முற்றாக மூடிய சப்பாத்து அணிந்தோரிடமே அது மிகுதி. திறந்த செருப்பு அணிந்தோரிடம் குறைவு. தட்டையடி யாவும் நோயன்று. ஆயினும் மூன்று வயதிலே குழந்தைக்கு இறுகிய சப்பாத்தை மாட்டி அழகு பார்க்கும் பெற்றோர் இக்கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

பொருந்தாத பாதணி வெறும் உபத்திரவமன்று, கேடே என்பதை உலகுக்கு உணர்த்திய பணி தமிழ் மண்ணிலே நடந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த போல் பிராண்ட் என்னும் சத்திரவைத்தியர், தொழுநோயாளரின் கால்கள் ஏன் குறைந்து அழிகின்றன என்று ஆராயத் தலைப்பட்டார். தசை தானே அழுகி உதிர்கின்றது என்பதே அந்நாள்வரை பலரும் கொண்ட கருத்து. அவரும் அவர்தம் உடன்பணியாளரும் கண்டது வேறு. நோய், நோவை உணரும் நரம்பை அழிக்கின்றது. அதன்பின் காலை அழிப்பது ஆணியும் கல்லும் பாதணியுமே. அழுத்தம் மூவகையிற் கேடு செய்யும் என விளக்கினார். ஆணி தைப்பதுபோலச் சிறிய இடத்திலே பேரழுத்தம் விழுந்து தோலைக் கிழிப்பது ஒன்று. இறுகிய சப்பாத்தின் மெல்லழுத்தம் மணிக்கணக்காக நின்று குருதியோட்டத்தைத் தடுத்து அவ்விடத்தைச் சாகச்செய்வது மற்றொன்று. ஒரேயிடத்தில் அடிக்குமேல் அடியாக ஆயிரக்கணக்கிற் பட்டு உள்ளே அழற்சி கொள்வது மூன்றாவது. நோவு உள்ளவன் முதலாவதிற் கூவுவான். இரண்டாவதிற் சப்பாத்தைக் கழற்றுவான். மூன்றாவதில் நொண்டி நடந்து பாரத்தை இடம் மாற்றுவான். நோவில்லாதவன் நடந்துகொண்டேயிருப்பான். 1955இல் நிறுவப்பெற்ற கரிகிரி தொழுநோய் நிலையத்தையும் வேலூரையும் சார்ந்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற இறப்பர் அடியுடன், ஆணியே இல்லாத செருப்புகள் உருவாயின. இன்றும் மருத்துவமனைகளிலே எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குபவை அவ்வழி வந்தவையே. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவிலுள்ள தொழுநோய் மருத்துவமனையை அறிந்த நம் பகுதியார்க்கு இவ்வரலாற்றின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொழுநோய் இன்று அருகிவிட்டது. அதன் இடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டது. அதுவும் நரம்பின் உணர்ச்சியைப் போக்குவது. என் அம்மான் ஒருவர் வாழ்நாள் முழுதும் வயலிலே வெறுங்காலுடன் நின்றவர். மகனின் திருமணத்துக்கென்று கடையொன்றிலே கருந்தோற் சப்பாத்து வாங்கினார். எட்டாம் எண் நீளத்துக்குச் சரியாயிருந்தது, அகலம் இறுக்கம். போகப்போகத் தோல் இளகும் என்றான் விற்பனையாளன். இரண்டு நாட்கள் அதனோடு விருந்தினரை வரவேற்று நின்றார். மூன்றாம் நாள் மேசைக் கழற்றியபோது சிறுவிரல் கறுத்திருந்தது. “இவ்வளவும் நடக்குமட்டும் கடிக்கவில்லையா அம்மான்?” என்று கேட்டேன். “கடித்தாற்றானே மருமகன் கழற்றுவதற்கு!” என்றார். இரண்டு விரல்களை எடுத்தபின்னரே மருத்துவர் எஞ்சியதைக் காக்க முடிந்தது. தோல் இளகும் என்ற சொல்லை அதன்பின் நான் எங்கே கேட்டாலும் பொறுப்பதில்லை. வாங்கும்போதே பொருந்தாதது பின்னும் பொருந்தாது. இளகுவது பெரும்பாலும் காலே.

நம் கால் அகன்றது என்பது வெறும் ஊகமன்று. சென்னையில் 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2021 டிசெம்பர் முதல் 2022 மார்ச்சு வரை இந்தியாவின் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவிகொண்டு அளந்தனர். இந்தியரின் அடி ஐரோப்பியர், அமெரிக்கர் அடியிலும் அகன்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. அகலம் போதாமையாலே பலர் தமக்கு வேண்டிய நீளத்தினும் பெரிய எண்ணை வாங்கி, முன்னே வெற்றிடமும் பக்கத்தே இறுக்கமுமாய் நடக்கின்றனர் என்பதும் தெரியவந்தது. பெண்பிள்ளைகளின் கால் 11 வயதளவிலும், ஆண்பிள்ளைகளின் கால் 15 அல்லது 16 வயதளவிலும் வளர்ச்சியின் உச்சத்தை அடைகின்றது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்முறைக்கு மாறாக, பாரதம் என்பதன் முதலெழுத்தைப் பெயராகக் கொண்டு புதியதோர் அளவுமுறையையும் அவர்கள் முன்மொழிந்தனர். பெரும்பாணாற்றுப்படை ஆயனின் அடியில் வடு விழுந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தபின், நம் துணைக்கண்டத்தார் காலுக்கு முறையான அளவெடுக்கப்பட்டது!

அளவுமுறை கடைக்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டா. வாழைச்சேனை காகித ஆலையாற் பெயர்பெற்ற ஊர். ஒரு தாள் நமக்குக் கிடைக்காமற் போகாது. மாலையிலே, கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில், அத்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் இரு காலிலும் பாரம் சமமாக விழ நின்றுகொண்டு, வேறொருவரைக்கொண்டு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அடியைச் சுற்றிக் கோடிடுவித்தல் வேண்டும். தாமே குனிந்து வரைந்தாற் கோடு பிழைக்கும். இரு காலையும் வரைதல் அவசியம். பலர்க்கு ஒரு கால் மற்றதிலும் பெரிது, பெரியதற்கே வாங்கல் வேண்டும். அத்தாளைக் கடைக்குக் கொண்டுசென்று சப்பாத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். கோடு சப்பாத்துக்கு வெளியே தெரியுமாயின், விலை எவ்வளவு மலிவாயினும் அது நமக்குரியதன்று. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சதமமீற்றர் அளவு இடம் இருத்தல் வேண்டும். மிக நீண்ட விரல் பெருவிரலாகவே இருக்கும் என்பது நியதியன்று. சிலர்க்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். அவ்வாறான பெண் கணவனை ஆள்வாள் என்று நம் கிழவியர் பெண்பார்க்கும் இடத்திலே காலை உற்றுநோக்குவர். அந்நோக்கிற் பாதியைச் செருப்பு வாங்கும் இடத்திற் செலுத்தியிருப்பாராயின் எத்துணையோ விரல்கள் பிழைத்திருக்கும்.

உள்வளைவை அறிதலும் எளிது. நனைத்த காலைச் சீமெந்துத் தரையில் வைத்தெடுத்தால், நடுவிலே ஒடுங்கிய சுவடு வளைவுள்ள காலையும், முழுவதும் நிரம்பிய சுவடு தட்டையடியையும் காட்டும். நிரம்பிய அடியுடையோர்க்கு நடுப்பகுதி துவளாத, குதியை உறுதியாகப் பற்றும் பாதணி நன்று. மிக வளைந்த அடியுடையோர்க்கு மெத்தென்ற அடித்தளம் வேண்டும். எந்தச் சப்பாத்தாயினும் விரல்மடியும் இடத்திலே மடிதல் வேண்டும், நடுவிலே மடிதல் ஆகாது. நாம் பாட்டா என்று பொதுப்பெயராகவே வழங்கும் இறப்பர்ச் செருப்பு, விரல்களைப் பரந்திருக்கவிடும் நற்குணம் உடையது. ஆயினும் குதியைப் பற்றாமையால் விரல்கள் அதனை இறுகப் பிடித்தபடியே நடக்கவேண்டும். உணர்ச்சி குன்றிய காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் தெரியாது. ஆகவே நீரிழிவுள்ளோர்க்கு அது தக்கதன்று; பின்வாருள்ள செருப்பே வேண்டும், அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவும் வேண்டும். புறநானூற்றுச் சிறுகல் இன்னும் அங்கே இருத்தல் கூடும்.

சிறுவர் செய்தி வேறு. பாடசாலைக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கும் தந்தை இரண்டு ஆண்டுக்காவது உழைக்கட்டும் என்று இரண்டெண் பெரியதாகவே வாங்குவார். முதலாண்டிற் பஞ்சடைத்த சப்பாத்திற் பிள்ளை தடுக்கி விழும். இரண்டாமாண்டு முடியுமுன் விரல் மடங்கும். இதனை அறியாமை என்று இகழ மாட்டேன். மாரியில் மீன்பிடியும் இன்றி இருப்பவர் ஆண்டுக்கு இருமுறை சப்பாத்து வாங்குவது எங்ஙனம்? அரசு இடர்ப்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாதணிக்கான உறுதிச்சீட்டு வழங்கியமை நற்செயலே. அச்சீட்டை மாற்றச் செல்லும் நாளிலே பிள்ளையையும் உடன் கொண்டுசெல்லுங்கள், அல்லது காலை வரைந்த தாளையாவது கொண்டுசெல்லுங்கள் என்று ஆசிரியராகிய நாம் சொல்லலாம். வகுப்பறையிலே தவணைக்கொருமுறை அத்தாளை வரைவிப்பதும் கடினமன்று. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும்.

அம்மானுக்கு இப்போது அளவெடுத்துத் தைத்த செருப்பு உண்டு. தாளில் வரைந்த அவருடைய காலை நான் கொண்டுபோனபோது, தைப்பவர் அதனை நெடுநேரம் பார்த்தார். மூன்று விரலே உள்ள அந்தக் கோட்டுக்கேற்ப முன்பக்கத்தை வளைத்து வெட்டி, உள்ளே மெத்தென்ற இறப்பரை ஒட்டிக் கொடுத்தார். ஒன்றே இடர். கோயிலுக்குச் செல்லும்போது அதனை வாயிலில் விடல் வேண்டும். உச்சிவேளையில் வீதி மணல் சுட்டாலும் அவர் காலுக்குத் தெரியாது. அதனால் இப்போது விடியற்காலப் பூசைக்கே போகின்றார், மணல் குளிர்ந்திருக்கும்போது.